ரஃப்ஹெட்டின் ஸ்காட்லாந்து வழக்கு நூல்களை எப்படிப் படிப்பது?

ஸ்காட்லாந்தின் பழைய கொலை வழக்குகளைப் பற்றி வில்லியம் ரஃப்ஹெட் எழுதிய நூல்களை இன்று படிப்பதில் பயன் உண்டா, உண்டென்றால் எதிலிருந்து தொடங்குவது, அவர் சொல்வதை வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயன் உண்டு. சாண்டிஃபோர்டு வழக்கிலிருந்து தொடங்குங்கள். அவர் அச்சிட்டுத் தந்த சாட்சியங்களை நம்பலாம். அவர் தாமே வழங்கும் தீர்ப்புகளைச் சற்றுத் தள்ளி நின்று எடைபோட வேண்டும். மூன்று விடைகளுக்கும் அடிப்படை ஒன்றே. அவருடைய பொருள் கொலை என்பதைவிடக் கொலை வழக்கு என்பதே சரி. யார் கூண்டில் நின்றார், யார் என்ன சொன்னார், ஜூரி எதைக் கேட்டது, எதைக் கேட்காமலே தீர்ப்புச் சொன்னது என்பதுதான் அவர் ஆயுள் முழுவதும் துருவித் துருவிப் பார்த்த விஷயம்.

ரஃப்ஹெட் 1870-இல் எடின்பரோவில் பிறந்தார், 1952-இல் காலமானார். 1893-இல் 'ரைட்டர்ஸ் டு தி சிக்னெட்' என்று வழங்கும் எடின்பரோவின் பழம்பெரும் சட்டத்தரணிகள் சங்கத்தில் சேர்ந்தவர். ஆனால் அவருடைய உண்மையான படிப்பு அதற்கு முன்பே, 1889 பிப்ரவரியில் தொடங்கிவிட்டது. பச்சிளங்குழந்தைகளை வளர்ப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு கொன்றுவிட்ட ஜெஸ்ஸி கிங் என்ற பெண்ணின் வழக்கு விசாரணைக்கு, பத்தொன்பது வயதுச் சட்டப் பயிற்சியாளராக இருந்த அவர் போய் உட்கார்ந்தார். அவளோடு வாழ்ந்த ஆண் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறித் தப்பித்துக்கொள்ள, அவள் மட்டும் அடுத்த மாதம் தூக்கிலிடப்பட்டாள். அன்று தொடங்கி 1949 வரை எடின்பரோ உயர் குற்றவியல் நீதிமன்றத்தில் நடந்த முக்கியமான கொலை வழக்குகள் அனைத்துக்கும் அவர் நேரில் போனார். அறுபது ஆண்டுகள். சாட்சிக் கூண்டில் நிற்பவரின் தயக்கத்தையும், வழக்குரைஞர் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டார் என்பதையும் காதால் கேட்டுப் பழகியவர் பழைய வழக்கின் பதிவேட்டைப் படிக்கும்போதும் அதே காதோடுதான் படிப்பார். அவர் பிறப்பதற்கு முன் நடந்த வழக்குகளைப் பற்றிய நூல்களிலும் அந்தக் காது வேலை செய்வதை நீங்களே உணர்வீர்கள்.

அவருடைய நூல்கள் இரண்டு வகைப்படும். இந்த வேறுபாடு தெரியாமல் படித்தால் குழப்பம் வரும். முதல் வகை, வழக்குத் தொகுதிகள். சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றிய ஹாரி ஹாட்ஜ், தமது வில்லியம் ஹாட்ஜ் நிறுவனத்தின் வழியாக 1905-இல் 'புகழ்பெற்ற ஸ்காட்லாந்து வழக்குகள்' என்ற வரிசையைத் தொடங்கினார். பிறகு அது 'புகழ்பெற்ற பிரிட்டிஷ் வழக்குகள்' என்று விரிந்தது. நீதிமன்றத்தில் பேசப்படும் சொல்லைச் சொல்லாகவே எடுத்தெழுதும் தொழிலில் இருந்த ஒருவர் பதிப்பாளரானதால், அந்த வரிசைக்கு அந்தத் தொழிலின் நேர்மையும் வாய்த்தது. ஒவ்வொரு தொகுதியிலும் பதிப்பாசிரியரின் நீண்ட முன்னுரை, குற்றப்பத்திரிகை, சாட்சி சாட்சியாக வாக்குமூலம், இரு தரப்பு வாதம், ஜூரிக்கு நீதிபதி வழங்கிய அறிவுரை, தீர்ப்பு, பிற்சேர்க்கைகள் என்ற அமைப்பு இருக்கும். ரஃப்ஹெட் இதில் பத்துத் தொகுதிகளைப் பதிப்பித்தார். 1906-இல் வந்த டாக்டர் பிரிட்சர்டு, டீக்கன் பிராடி ஆகிய இரு வழக்குகளில் தொடங்கி, கேப்டன் போர்ட்டியஸ், ஆஸ்கர் ஸ்லேட்டர், திருமதி மக்லாக்லன், மேரி பிளாண்டி, பர்க்–ஹேர், கேத்தரின் நேர்ன், ஜான் டொனால்டு மெரெட் என்று நீண்டு, 1932-இல் ஆரன் தீவுக் கொலை வழக்கோடு முடிகிறது. இவற்றில் பிளாண்டி வழக்கு மட்டும் இங்கிலாந்தில் நடந்தது.

இரண்டாம் வகை, கட்டுரைத் தொகுப்புகள். இவற்றில் பல 'ஜூரிடிகல் ரிவ்யூ' என்ற சட்ட ஏட்டில் முதலில் வந்தவை. 1913-இல் வந்த 'பன்னிரண்டு ஸ்காட்லாந்து வழக்குகள்' முதல் 1940-கள் வரை ஒரு டஜனுக்கும் மேற்பட்ட தொகுப்புகள் வெளிவந்தன. இவற்றில் சாட்சியம் சுருக்கப்பட்டிருக்கும், ஆசிரியரின் குரல் ஓங்கியிருக்கும். இவற்றை விரும்பிப் படித்தவர்களில் நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸும் ஒருவர். இருவருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. அவருடைய கட்டுரைகளில் சிறந்த பன்னிரண்டைச் சேர்த்த 'கிளாசிக் கிரைம்ஸ்' என்ற தொகுப்பு 2000-இல் நியூயார்க்கில் மறுபதிப்பானது. இன்று கடைகளில் எளிதாகக் கிடைப்பது இதுதான் என்பதால் பெரும்பாலோர் ரஃப்ஹெட்டைக் கட்டுரையாளராக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். என் கருத்தில் அவருடைய பெரும் பணி முதல் வகையில்தான் இருக்கிறது.

வழக்குகளுக்குள் போவதற்கு முன் அன்றைய ஸ்காட்லாந்துச் சட்டத்தைப் பற்றிச் சில செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துத் துப்பறியும் கதைகளில் படித்துப் பழகிய முறை அங்கே இல்லை. ஜூரியில் பன்னிரண்டு பேர் அல்ல, பதினைந்து பேர். ஒருமனதான முடிவு வேண்டியிருக்கவில்லை; எட்டுப் பேர் குற்றவாளி என்று சொன்னால் போதும், ஆளைத் தூக்கிலிடலாம் என்றிருந்தது. தீர்ப்பு இரண்டல்ல, மூன்றாக இருந்தது: குற்றவாளி, குற்றவாளி அல்ல, 'நிரூபிக்கப்படவில்லை'. மூன்றாவதாகச் சொன்ன தீர்ப்பும் விடுதலைதான், ஆனால் சந்தேகத்தின் நிழல் வாழ்நாள் முழுவதும் கூடவே வரும். திடீர் மரணங்களை வெளிப்படையாக விசாரிக்கும் 'கொரோனர்' முறை அங்கே கிடையாது. விசாரணை அரசு வழக்குத் தொடுநரின் அலுவலகத்துக்குள் மறைவாக நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் தம் தரப்பில் தாமே சாட்சி சொல்ல 1898 வரை சட்டத்தில் இடமில்லை. மேல்முறையீட்டுக்கான குற்றவியல் நீதிமன்றம் 1926 வரை இல்லை. அதாவது, 1926-க்கு முன் ஜூரி தவறு செய்தால் அதைத் திருத்த அமைச்சரின் கருணையைத் தவிர வேறு வழியே இல்லை. அந்த மூன்றாவது தீர்ப்பை ஒழித்து, குற்றவாளி என்று சொல்ல மூன்றில் இரண்டு பங்கு ஜூரியினர் உடன்பட வேண்டும் என்ற சட்டத்தை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2025-இல்தான் நிறைவேற்றியது. ரஃப்ஹெட்டின் வழக்குகள் எல்லாம் அதற்கு முந்தைய உலகத்தைச் சேர்ந்தவை.

இனி சாண்டிஃபோர்டு, அதாவது திருமதி மக்லாக்லன் வழக்கு. 1862 ஜூலை 4, வெள்ளிக்கிழமை. கிளாஸ்கோவில் சாண்டிஃபோர்டு பிளேஸ் 17-ஆம் எண் வீட்டில் வாழ்ந்த ஃபிளெமிங் குடும்பத்தார் வார இறுதிக்குக் கடற்கரை ஊருக்குப் போயிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர்: குடும்பத்தின் மூத்தவரான ஜேம்ஸ் ஃபிளெமிங் என்ற கிழவர், வேலைக்காரி ஜெஸ் மக்ஃபெர்சன். திங்கட்கிழமை மகன் திரும்பி வந்து வேலைக்காரி எங்கே என்று கேட்க, அவளை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு காணவில்லை என்கிறார் கிழவர். அவள் அறை பூட்டியிருக்கிறது. வேறொரு சாவியால் திறந்து பார்த்தால், வெட்டுக்கத்தியால் நாற்பது இடங்களில் காயம்பட்ட உடல். அடுக்களைத் தரை கழுவப்பட்டிருக்கிறது. வெறுங்காலின் இரத்தத் தடம் மூன்று பதிந்திருக்கிறது. வெள்ளிப் பாத்திரங்களைக் காணோம். மூன்று நாள் அந்த வீட்டில் தனியாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த கிழவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

காவல் துறை முதலில் அவரைத்தான் கைது செய்தது. பிறகு, வெள்ளிப் பாத்திரங்களைச் சனிக்கிழமை அடகு வைத்தவள் இறந்தவளின் தோழியும் அந்த வீட்டில் முன்பு வேலை செய்தவளுமான ஜெஸ்ஸி மக்லாக்லன் என்று தெரியவந்தது. கிழவர் விடுவிக்கப்பட்டு அரசுத் தரப்பின் முதன்மைச் சாட்சியானார். இரத்தத் தடம் பதிந்த பலகைகளை மருத்துவர் மக்லியோடு பெயர்த்தெடுக்கச் செய்து, ஜெஸ்ஸியின் பாதத்தை மாட்டு இரத்தத்தில் தோய்த்துப் பதியவைத்து ஒப்பிட்டார், பொருந்தியது. விசாரணைக்கு முன் அவள் கொடுத்த மூன்று வாக்குமூலங்களும் பொய் நிறைந்தவை; மூன்றும் ஜூரியின் முன் வாசிக்கப்பட்டன. செப்டம்பரில் நடந்த வழக்கில் ஜூரி கால் மணி நேரத்தில் குற்றவாளி என்றது.

அதன் பிறகுதான், தண்டனை சொல்லப்படுவதற்கு முன், அவள் சார்பில் ஒரு நீண்ட அறிக்கை நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது. அன்றிரவு தான் அந்த வீட்டில் இருந்ததாகவும், விஸ்கி வாங்க வெளியே போய்த் திரும்பியபோது தோழி கிழவரால் தாக்கப்பட்டுக் கிடந்ததாகவும், மருத்துவரை அழைக்கப் புறப்பட்டபோது கிழவர் அவளைக் கொன்றே விட்டதாகவும், பிறகு மிரட்டியும் ஆசைகாட்டியும் தன்னை வாயடைத்து வெள்ளியைக் கொடுத்தனுப்பியதாகவும் அவள் சொல்லியிருந்தாள். நீதிபதி லார்டு டீஸ் அதை முழுப்பொய் என்று ஒதுக்கிவிட்டுத் தூக்குத்தண்டனை விதித்தார். கிளாஸ்கோ கொந்தளித்தது. அரசு தனி விசாரணை நடத்தித் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் 1877-இல் வெளியே வந்த அவள் அமெரிக்காவுக்குப் போய் 1899-இல் மிச்சிகனில் இறந்தாள்.

1911-இல் ரஃப்ஹெட் பதிப்பித்த தொகுதி இந்த வழக்கைக் கையாளும் முறையை நான் பலமுறை திரும்பிப் படித்திருக்கிறேன். அவர் அந்த அறிக்கையின் உருக்கத்தில் கரைந்துபோகவில்லை. அதில் உள்ள சின்னச் சின்ன விவரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவளுக்கு அறிமுகமே இல்லாத சாட்சிகள் சொன்னவற்றோடு பொருத்திப் பார்க்கிறார். சனிக்கிழமை காலை பால் கொண்டுவந்த பையனுக்குக் கதவைத் திறந்தது யார் என்ற ஒற்றைக் கேள்வியை அவர் எவ்வளவு பொறுமையாகத் தொடர்கிறார் என்று பாருங்கள். திறந்தவர் கிழவர், தாம் படுக்கையை விட்டு எழுந்ததாக அவரே சொன்ன நேரத்துக்கு முன்பே. வேலைக்காரி இருக்கும் வீட்டில் எஜமானின் தகப்பன் எழுந்து போய்க் கதவைத் திறப்பானேன், அவள் எழுந்து வரமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தாலன்றி? அதோடு, பத்தாண்டுகளுக்கு முன் ஒரு பெண் தொடர்பான விவகாரத்தில் அந்தக் கிழவர் தம் சபையால் கண்டிக்கப்பட்டிருந்த செய்தியையும் ரஃப்ஹெட் தேடி எடுத்துத் தருகிறார். அந்த அறிக்கை விசாரணைக்கு முன்பே தன் வழக்குரைஞர்களிடம் அவள் சொல்லியிருந்தது என்பதும், எல்லாப் பழியையும் கிழவர்மேல் போடும் வாதத்துக்கு அது இடையூறு என்பதால் அவர்கள் அதை வெளியிடாமல் வைத்திருந்தார்கள் என்பதும் இந்தத் தொகுதியில் தெளிவாகின்றன. அவளைக் கூண்டில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைக்கவும் அன்றைய சட்டத்தில் வழியில்லை. மேலே சொன்ன ஸ்காட்லாந்துச் சட்ட விவரங்கள் ஒரு மனுஷியின் கழுத்தில் எப்படி இறுகின என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் வேறு நூல் எனக்குத் தெரியாது.

ஆஸ்கர் ஸ்லேட்டர் தொகுதி இன்னொரு வகையில் முக்கியமானது. அது வரலாற்றைப் பதிவு செய்ததோடு நில்லாமல் வரலாற்றுக்குள்ளேயே நுழைந்தது. 1908 டிசம்பர் 21 மாலை கிளாஸ்கோவில் 82 வயதான மரியன் கில்கிறிஸ்ட் என்ற செல்வந்த மூதாட்டி, பணிப்பெண் செய்தித்தாள் வாங்கப் போய் வந்த பத்து நிமிட இடைவெளியில் அடித்துக் கொல்லப்பட்டார். கொலையாளி, திரும்பி வந்த பணிப்பெண்ணையும் கீழ்வீட்டுக்காரரையும் கடந்து நடந்து வெளியேறினான். வைரம் பதித்த பிறை வடிவ நகைப்பின் ஒன்று காணவில்லை. அதுபோன்ற ஒன்றை அடகு வைத்துவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஜெர்மானிய யூதரான ஸ்லேட்டரைப் போலீஸார் தேடினர். அடகுக்கடை ரசீதைப் பார்த்தபோது, அந்த நகை கொலைக்கு ஒரு மாதம் முன்பே அடகுக்குப் போயிருந்தது. வழக்கின் ஒரே கண்ணி அறுந்துபோயும் வழக்கு நிற்கவில்லை. நியூயார்க்குக்கு அழைத்துச் செல்லப்பட்ட சாட்சிகளுக்கு அவருடைய புகைப்படம் முன்கூட்டியே காட்டப்பட்டது. பிறகு அவர்கள் அவரை 'அடையாளம்' கண்டனர். தம்மேல் குற்றமில்லை என்ற நம்பிக்கையில் ஸ்லேட்டர் தாமாகவே ஸ்காட்லாந்து திரும்ப இசைந்தார். 1909 மே மாதம் எடின்பரோவில் நடந்த விசாரணையில் ஒன்பது பேர் குற்றவாளி என்றும், ஐந்து பேர் நிரூபிக்கப்படவில்லை என்றும், ஒருவர் குற்றவாளி அல்ல என்றும் சொன்னார்கள். பதினைந்தில் ஒன்பது. தூக்குக்கு இரண்டு நாள் முன் தண்டனை ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டு அவர் பீட்டர்ஹெட் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

ரஃப்ஹெட் அந்த நான்கு நாளும் நீதிமன்றத்தில் இருந்தார். 1910-இல் முழு விசாரணையையும் அச்சிட்டார். அதைப் படித்துத்தான் ஆர்தர் கோனன் டாயில் வழக்கைக் கையில் எடுத்து 1912-இல் தம் சிறுநூலை வெளியிட்டார். 1914-இல், பணிப்பெண் முதலில் வேறொருவரைக் குறிப்பிட்டதாக எடுத்துச் சொன்ன துப்பறிவாளர் ஜான் டிரெஞ்ச் வேலையை இழந்தார். நியாயம் கிடைப்பதைப் பார்க்காமலே 1919-இல் இறந்துபோனார். ரஃப்ஹெட் தம் தொகுதியைப் புதுப்பித்துப் புதுப்பித்து வெளியிட்டுக்கொண்டிருந்தார். பதினெட்டரை ஆண்டு சிறைவாசத்துக்குப் பின் 1927 நவம்பரில் ஸ்லேட்டர் விடுதலையானார். பழைய வழக்கு என்பதால் தனிச் சட்டம் இயற்றி மேல்முறையீட்டுக்கு வழி செய்ய வேண்டியிருந்தது. 1928 ஜூலையில் தீர்ப்பு ரத்தானதற்கு நீதிமன்றம் ஏற்ற காரணம் எது? ஸ்லேட்டரின் ஒழுக்கக்கேடான வாழ்க்கையைச் சுட்டி, குற்றமற்றவர் என்ற அனுமானம் மற்றவர்களுக்கு உதவும் அளவு இப்படிப்பட்டவருக்கு உதவாது என்ற பொருளில் நீதிபதி லார்டு கத்ரி ஜூரிக்குச் சொன்ன வார்த்தைகள். அந்த வார்த்தைகள் 1910 முதல் ரஃப்ஹெட்டின் தொகுதியில் அச்சில் கிடந்தன. யார் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கிப் படித்திருக்கலாம். ஸ்லேட்டருக்குக் கிடைத்த இழப்பீடு 6,000 பவுன். நீதிபதியின் பேச்சைச் சொல் பிசகாமல் அச்சிட்டு வைப்பது எவ்வளவு பெரிய பொதுப்பணி என்பதை இந்த வழக்கில்தான் நான் புரிந்துகொண்டேன்.

ஆரன் தீவு வழக்கு அளவில் சிறியது. ஆனால் ரஃப்ஹெட் இளைஞராக நேரில் பார்த்தது. 1889 ஜூலையில் லண்டன் எழுத்தர் எட்வின் ரோஸ், விடுமுறையில் அறிமுகமான ஜான் வாட்சன் லாரியோடு கோட்ஃபெல் மலையில் ஏறினார். திரும்பியவர் லாரி மட்டும். ஆகஸ்டில் ஒரு பாறைக்கடியில் கற்களால் மூடப்பட்ட உடல் கிடைத்தது. ஜூரி எட்டுக்கு ஏழு என்று பிரிந்து குற்றவாளி என்றது. தண்டனை குறைக்கப்பட்ட லாரி 1930-இல் சாகும் வரை காவலிலேயே இருந்தார். இந்த வழக்கில் இறந்தவரின் காலணிகள் சான்றாக இருந்திருக்க வேண்டும். ஆனால் உள்ளூர்க் காவலர் அவற்றைக் கடற்கரையில் அலை எட்டும் இடத்தில் புதைத்துவிட்டிருந்தார். ஏன் என்று எதிர்த்தரப்பு கேட்டபோது நேரான விடை வரவில்லை. ஆவி நடமாடாமல் தடுப்பதற்கான பழைய தீவு வழக்கம் அது. இப்படி ஒரு விவரத்தை இரண்டு பக்கம் நின்று நிதானித்துச் சொல்லும்போது, ரஃப்ஹெட்டின் எழுத்தில் வழக்கைத் தாண்டி அந்த நாட்டின் அடிமனமே தெரிகிறது.

மேடலின் ஸ்மித்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை மிகப் பிரபலமானது. 1857-இல் காதலன் லாஞ்சலியே பாஷாணத்தால் இறக்க, கிளாஸ்கோக் கட்டடக் கலைஞர் ஒருவரின் மகளான மேடலின்மேல் வழக்கு நடந்து, கொலைக் குற்றச்சாட்டில் 'நிரூபிக்கப்படவில்லை' என்று முடிந்தது. கட்டுரை அழகானதுதான், ஆனாலும் அவருக்கு அவள்மேல் இருந்த மோகம் எடைக்கல்லைச் சற்றுச் சாய்த்துவிடுகிறது என்பேன். 1893-இல் ஆர்ட்லாமண்டில் இருபது வயது இளைஞன் ஒருவன் வேட்டையில் சுடப்பட்டு இறந்த வழக்கு அதைவிடக் கட்டுக்கோப்பானது. அதிலும் மான்சன் என்ற பயிற்றாசிரியர் அதே மூன்றாவது தீர்ப்பில் வெளியே வந்தார்.

இப்போது நம்பகத்தைப் பற்றி. ரஃப்ஹெட்டின் குறைகள் பெரும்பாலும் அவருடைய காலத்தின் குறைகள். ஆனால் படிப்பவர் அவற்றை அறிந்திருக்க வேண்டும். முகத்தைப் பார்த்து மனத்தை எடைபோடுகிறார். கட்டுரைகளில் இந்தச் செய்தி எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்று எப்போதும் காட்டுவதில்லை. கொலையானவர்கள் அவர் கையில் பெரும்பாலும் நிழல்களாகவே நிற்கிறார்கள். 1921-இல் வந்த பர்க்–ஹேர் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1828-இல் எடின்பரோவின் வெஸ்ட் போர்ட் பகுதியில் பதினாறு பேரைக் கொன்று, உடல்களை டாக்டர் நாக்ஸின் உடற்கூறு வகுப்புக்கு விற்றவர்களின் கதை அது. ஹேர் அப்ரூவராகித் தப்பிக்க, பர்க் மட்டும் 1829 ஜனவரி 28 அன்று தூக்கிலிடப்பட்டான். அவனுடைய எலும்புக்கூடு இன்றும் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நாக்ஸின் பொறுப்பு எவ்வளவு என்பதை ரஃப்ஹெட் தயவின்றி ஆராய்கிறார். அந்தப் பகுதி இன்றும் கூர்மை குன்றாதது. ஆனால் மேரி பேட்டர்சன், ஊரார் எல்லோருக்கும் தெரிந்த ஜேமி வில்சன் போன்றவர்கள் யார், எப்படி வாழ்ந்தார்கள், அவர்கள் காணாமல்போனது ஏன் பெரிய தேடலைக் கிளப்பவில்லை என்ற கேள்வி அவரை அதிகம் உறுத்தவில்லை. அந்தப் பதினாறு பேரில் பெரும்பாலோர் ஏழைகள், சிலர் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள், சிலர் வீடற்றவர்கள் என்பதில்தான் அந்தக் குற்றத்தின் வேர் இருக்கிறது என்று இன்று நாம் படிப்போம்.

இன்னொரு எடுத்துக்காட்டு நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. 1930-இல் வந்த தொகுப்பில் டிரம்ஷூ பள்ளி வழக்கைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. 1810-இல் எடின்பரோவில் பெண்களுக்கான பள்ளி நடத்திய இரு ஆசிரியைகள்மேல் தகாத உறவு என்று ஒரு மாணவி குற்றம் சொல்ல, இரண்டு நாளில் பள்ளி காலியானது. ஆசிரியைகள் தொடுத்த அவதூறு வழக்கு பிரபுக்கள் சபை வரை போய் 1819-இல்தான் அவர்கள் பக்கம் முடிந்தது. லில்லியன் ஹெல்மன் 1934-இல் எழுதிய நாடகம் இந்தக் கட்டுரையிலிருந்துதான் பிறந்தது. குற்றம் சொன்ன மாணவி ஜேன் கம்மிங், ஸ்காட்லாந்துப் பிரபு குடும்பத்து மகன் ஒருவருக்கும் இந்தியப் பெண் ஒருத்திக்கும் இந்தியாவில் பிறந்தவள். அப்படிப்பட்ட விஷயங்கள் அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்ற கேள்வி எழுந்தபோது, நீதிபதிகளே இந்திய வேலைக்காரர்களையும் அவள் வளர்ந்த மண்ணையும் காரணமாகக் காட்டினார்கள். அந்த இனத் துவேஷத்தை ரஃப்ஹெட் கேள்வி கேட்காமல் கடந்து போகிறார். சாட்சியத்தின் ஒவ்வொரு இழையையும் பிரித்துப் பார்க்கும் மனிதருக்கு இந்த இழை கண்ணில் படவே இல்லை என்பது எனக்கு வருத்தம் தந்த ஒன்று.

ஆனால் சாட்சியத்தை அவர் எடைபோடும் திறத்துக்கு மெரெட் வழக்கைவிட நல்ல சோதனை கிடையாது. 1926 மார்ச் 17 அன்று எடின்பரோவில், மேசையில் கடிதம் எழுதிக்கொண்டிருந்த பெர்த்தா மெரெட் தலையில் குண்டடிபட்டார். அருகில் இருந்தவன் பதினேழு வயது மகன் டொனால்டு. தாயின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு அவன் வங்கியில் பணம் எடுத்துக்கொண்டிருந்தான். போலீஸார் அதைத் தற்கொலை முயற்சி என்று முதல் நாளிலேயே முடிவு கட்டினார்கள். இரண்டு வாரம் அந்தத் தாய் மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். மகனை அப்பால் போகச் சொன்னதும் காதருகே வெடிச் சத்தம் கேட்டதும் நினைவிருப்பதாகச் சொன்னார். ஆனாலும் முறையான மரண வாக்குமூலம் வாங்க ஒருவரும் வரவில்லை. 1927 பிப்ரவரியில் விசாரணை நடந்தது. புகழ்பெற்ற தடயவியல் மருத்துவர் ஸ்பில்ஸ்பரி எதிர்த்தரப்புக்காக வந்து தற்கொலையாக இருக்கலாம் என்றார். கொலை 'நிரூபிக்கப்படவில்லை', போலிக் காசோலைகளுக்கு மட்டும் பன்னிரண்டு மாதச் சிறை. 1929-இல் ரஃப்ஹெட் பதிப்பித்த தொகுதி, அந்தக் கவனக்குறைவை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைக்கிறது. தாம் என்ன நினைக்கிறார் என்பதைச் சட்டம் அனுமதிக்கும் எல்லைவரை மறைக்காமல் சொல்கிறது. அவர் 1952-இல் இறந்தார். 1954-இல், ரொனால்டு செஸ்னி என்ற பெயரில் வாழ்ந்த அதே மெரெட், லண்டன் ஈலிங்கில் மனைவியையும் மாமியாரையும் கொன்றுவிட்டு ஜெர்மனியில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான்.

படிக்கும் வரிசை கேட்டீர்கள். மக்லாக்லன் தொகுதி முதலில், பிறகு ஸ்லேட்டர், பிறகு மெரெட். இம்மூன்றும் முடிந்த பின் 'கிளாசிக் கிரைம்ஸ்' கட்டுரைகளுக்கு வாருங்கள். அதிலுள்ள கான்ஸ்டன்ஸ் கென்ட், பால்ஹம் கட்டுரைகள் இங்கிலாந்து வழக்குகள் என்பதால் உங்கள் நோக்கத்துக்கு அவற்றைத் தள்ளிவிடலாம். பிரிட்சர்டு வழக்கில் மர்மம் ஏதுமில்லை. மனைவிக்கும் மாமியாருக்கும் நஞ்சூட்டிய ஒரு மருத்துவரையும், சந்தேகப்பட்டும் வாய் திறக்காத இன்னொரு மருத்துவரையும் பற்றிய நூல் அது. தொழில் அறம் பற்றி யோசிப்பவர் தவறவிடக் கூடாதது. பிராடியையும் போர்ட்டியஸையும் பதினெட்டாம் நூற்றாண்டு எடின்பரோவின் தெருக்களை அறியப் படிக்கலாம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுகள் கழிந்துவிட்டதால் காப்புரிமைத் தடை இல்லை. பழைய தொகுதிகள் பல இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

மக்லாக்லன் தொகுதியைத் திறந்ததும் ரஃப்ஹெட்டின் முன்னுரையைப் படிக்காதீர்கள். அதில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். அதைத் தாண்டி நேரே சாட்சியங்களுக்குப் போங்கள். பால்காரப் பையன், அடகுக்கடைக்காரர், மருத்துவர்கள், கிழவர் ஃபிளெமிங் என்று ஜூரி கேட்ட வரிசையிலேயே கேளுங்கள். தீர்ப்புப் பக்கத்துக்கு முன் புத்தகத்தை மூடி வைத்து, நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவளுடைய அறிக்கையைப் படியுங்கள். முன்னுரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.